சென்டர் ஸ்டாண்டில் விட்ட வண்டி

லண்டனிலிருந்து மூன்று வார விடுப்பில் சென்னை வந்திருந்தேன். அதில் நான்கு நாள் ஒரு பார்க்கிங் அபராதத்தோடு போனது. தொகை 500 ரூபாய்தான். "கட்டிட்டு வேலையப் பாரு" என்று அம்மாகூடச் சொன்னார். ஆனால் வண்டி தம்பியுடையது, செலானும் அவன் பெயரில். 2022 அக்டோபரில் உயர்த்திய கட்டணப்படி, மறுமுறை மாட்டினால் 1,500. நான் ஊருக்குப் போன பிறகு அந்தக் கணக்கு அவன் தலையில் நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு முன்னால், இரு சக்கர வண்டிகளுக்குக் கோடு போட்ட இடத்தில் ஸ்ப்ளெண்டரை நிறுத்தினேன். "ஹேண்டில் லாக் போடாதீங்க சார், நெருக்கி வைக்கணும்" என்றார் கடைக் காவலர். ஊரில் எங்கும் கேட்கிற பேச்சுதானே, சரி என்று விட்டேன். திரும்பி வந்தபோது என் இடத்தில் ஒரு சரக்கு வேன் நின்றது. வண்டி பத்தடி தள்ளி, நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே இருந்தது. ஒன்றும் தோன்றாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் தம்பியின் போனுக்கு செலான் குறுஞ்செய்தி வந்தது.

செலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. அந்த வண்டிக்கு சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் தொய்ந்து போயிருக்கிறது, அதனால் சென்டர் ஸ்டாண்டு போடாமல் நான் இறங்குவதே இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: மனைவிக்கு அடையாளம் தெரியட்டும் என்று கடைப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அதன் ஓரத்தில் எங்கள் வண்டி, கோட்டுக்குள், நிமிர்ந்து, சென்டர் ஸ்டாண்டில்! நேரம் 11.42. செலானில் 12.30.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பாதை இருக்கிறது. உரிமையாளரின் சம்மதமில்லாமல் வண்டியைக் கையாண்டவர் அங்கே விட்டார் என்பது அபராதத்தை எதிர்க்கச் சட்டமே சொல்லும் காரணங்களில் ஒன்று. அபராதம் போட்ட கவுன்சில், அதாவது அங்கத்து உள்ளாட்சி, மறுத்தால் தீர்ப்பாயத்துக்குக் கட்டணமில்லாமல் போகலாம். நம் ஊர் செலானில் அப்படி ஒரு கட்டம் இல்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை இடைஞ்சலாக நிறுத்தவோ நிற்க விடவோ கூடாது என்கிறது. நான் அங்கே நிறுத்தவுமில்லை, நிற்க விடவுமில்லை. இதைத்தான் ஒரு பக்கத்தில் மனுவாக எழுதி, தம்பி கையெழுத்தோடு, இரண்டு படங்களையும் அச்செடுத்து இணைத்தேன்.

மனுவைவிடக் கடினம் கடைக் கேமராப் பதிவுதான். பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும் என்பதால் மறுநாள் காலையே போனேன். முதலில் மறுத்தார்கள். வேன் வரும்போது கடைக் காவலரே நான்கைந்து வண்டிகளை நகர்த்தியது அவர்களுக்கும் தெரியும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் நிற்கிற மனிதர், மேலே இருப்பவர் சொன்னதைச் செய்தார். "அவருக்கு ஒன்றும் வரக்கூடாது, எனக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் போதும்" என்று மேலாளரிடம் பேசிப் பேசி, திரையில் ஓடியதை என் போனில் பிடித்துக்கொண்டேன்.

போக்குவரத்துக் காவல் நிலையத்தில் முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் உதவி ஆய்வாளர் இருந்தார். "எல்லாரும் யாரோ நகர்த்திட்டாங்கன்னுதான் சொல்றாங்க சார்" என்றார். நியாயமான பேச்சு. நான் வாதாடாமல் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டாண்டை மட்டும் காட்டினேன். பிறகு வீடியோ. இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, மனுவில் முத்திரை குத்தி நகல் கொடுத்தார். ரத்துக்கு எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

இது நடக்காவிட்டால், செலான் வழக்குகளை இணையத்திலேயே பார்க்கும் மெய்நிகர் நீதிமன்றத் தளம் இருந்தது. அங்கே தொகையைக் கட்டலாம், அல்லது வழக்காடுவதாகக் குறிக்கலாம். குறித்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும், தம்பி லீவு போட்டுப் படியேற வேண்டும். விடுப்பில் வருகிறவர்கள், அந்த அலைச்சலுக்குச் சம்மதமா என்று முதலிலேயே வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் கட்டிவிடவும் வேண்டாம், கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

நான் விமானம் ஏறிய ஒன்பதாம் நாள் தம்பி செலான் எண்ணைப் போட்டுப் பார்த்தான். நிலுவை எதுவும் காட்டவில்லை. அன்றைக்கே ஸ்டாண்டு ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டதாகச் சொன்னான்.