கானிஃபிஸ் கூரைகளும் கிளான் சாட்டும்: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் அனுபவம்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டுக்கு மெம்பர்ஷிப், அதாவது சந்தா, கட்டலாமா வேண்டாமா என்று நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான். கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் பக்கத்துச் சிஸ்டத்தில் உட்கார்ந்து இதே ரூன்ஸ்கேப்பை விளையாடியவன். ஆட்டம் தொடங்கும் லும்ப்ரிட்ஜ் ஊர் எங்கே இருக்கிறது, மாட்டுத்தோல் எதற்குச் சேர்க்கிறோம் என்றெல்லாம் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. அவனுடைய கேள்வி நேரடியானது: "இத்தனை வருஷம் கழிச்சுப் போய் இன்னும் அங்கேயே இருக்கியே, அப்படி என்னடா இருக்கு அதுல?" போனில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதி பாராட்டாகவும் பாதி திட்டாகவும் போய்விட்டது. நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இடையில் விட்டுப் போனவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2001ல் இங்கிலாந்தில் கோவர் சகோதரர்கள் தொடங்கிய விளையாட்டு இது. அப்போது ஜாவா இருந்தால் போதும், பிரவுசரிலேயே ஓடியது. எதையும் இன்ஸ்டால் செய்ய விடாத சென்டர் சிஸ்டங்களில் எங்களுக்கு வாய்த்த ஒரே ஆன்லைன் உலகம் அதுதான். 2012 நவம்பரில் சண்டை முறையைத் தலைகீழாக மாற்றினார்கள், பழைய ஆட்கள் நிறையப் பேர் வெறுத்துப் போய் விலகினார்கள். அப்புறம் 2007 ஆகஸ்ட் மாத பேக்கப் ஒன்றை எடுத்து, இதைத் திரும்பத் திறக்கலாமா என்று ஆட்டக்காரர்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, 2013 பிப்ரவரி 22 அன்று திறந்துவிட்டார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். உலகம் பழையது, ஆனால் நம்முடைய பழைய கேரக்டர் அதில் இல்லை. எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் திரும்பியது மொபைலில் வந்த பிறகு. கம்ப்யூட்டரில் விட்ட இடத்திலிருந்து அதே கணக்கில் போனில் தொடரலாம் என்பது எனக்குப் பெரிய வசதி.

சரி, முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். அஜிலிட்டி, அதாவது ஓடித் தாண்டும் திறன்.

இந்த உலகத்தில் ஓடுவதற்குத் தெம்பு வேண்டும். ஓட ஓட அது வடியும், தீர்ந்துவிட்டால் நடைதான். அஜிலிட்டி ஏறினால்தான் அந்தத் தெம்பு சீக்கிரம் ஊறும். ஊறும் வேகத்தை இன்னும் கூட்டுகிற கிரேஸ்ஃபுல் உடுப்பு முழுதாக வேண்டுமென்றால் மார்க் என்ற வில்லைகள் 260 சேர்க்க வேண்டும். மார்க் பெரும்பாலும் ஊர்க் கூரைகளின் மேல் ஓடும்போதுதான் கிடைக்கும். ஆகவே 40ஆம் லெவல் வந்ததும் எல்லோரும் போய் நிற்கும் இடம் கானிஃபிஸ் ஊரின் கூரைகள். உயரமான மரத்தில் ஏறு, இடைவெளியைத் தாண்டு, இன்னொன்றைத் தாண்டு, கோல் ஊன்றிக் குதி, மறுபடியும் தாண்டு, கீழே இறங்கி மரத்துக்கு ஓடு. ஒரு சுற்றுக்கு எட்டு தடைகள், எட்டு கிளிக். சில சுற்றுகளில் கூரை மேல் ஒரு மார்க் கிடக்கும், பல சுற்றுகளில் இருக்காது. சில நேரம் கால் தவறி விழுந்து, உயிரும் கொஞ்சம் போய், மீண்டும் மரத்தடி.

மீன் பிடிப்பதிலோ மரம் வெட்டுவதிலோ ஒரு கிளிக் செய்துவிட்டுக் கொஞ்சம் கண்ணை எடுக்கலாம். அஜிலிட்டியில் அது நடக்காது. சில விநாடிக்கு ஒருமுறை அடுத்த தடையைத் தொட்டே ஆக வேண்டும். மூளைக்கு வேலை இல்லை, கண்ணுக்கும் விரலுக்கும் ஓய்வு இல்லை. இப்படி ஒரு வேலையை யார் யோசித்தார்கள் என்று ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு எரிச்சல் வரும். அதோடு இந்த விளையாட்டின் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: ஒரு திறனின் உச்சமான 99ஆம் லெவலுக்கு 1 கோடியே 30 லட்சத்துக்குச் சற்று மேல் அனுபவப் புள்ளி. அதில் பாதி, 92ஆம் லெவலில்தான் வரும். மற்றத் திறன்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதில் அநியாயம்.

நியாயமாகச் சொன்னால் ஒரு மாற்று இருக்கிறது. 2020ல் வந்த ஹாலோட் செபுல்கர் உண்மையிலேயே நன்றாகச் செய்யப்பட்டது. பொறிகளின் தாளத்தைப் பார்த்து நேரம் பிடித்து ஓட வேண்டும், தப்பினால் வலிக்கும், சரியாகப் போனால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் 52ஆம் லெவல் வேண்டும், ஒரு நீண்ட குவெஸ்ட் தொடரையும் முடித்திருக்க வேண்டும். அந்த வாசலுக்கு வருவதற்குள்ளேயே பாதிப் பேர் கூரையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீன்பிடிப்புக்கு 2021ல் டெம்போராஸ் வந்தது, ரூன் என்ற மந்திரக் கல் செய்வதற்கு 2022ல் கார்டியன்ஸ் ஆஃப் த ரிஃப்ட் வந்தது, இரண்டிலும் கூட்டமாக விளையாடலாம். கூரையில் மட்டும் இன்றைக்கும் தனியாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

நானும் போகாமல் நின்றதற்குக் காரணம் கிளான் சாட், அதாவது ஆட்டக்காரர் குழுவின் அரட்டை. அதற்கு எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. விளையாட்டின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் நூறு பேர் நிற்பார்கள், ஒருவரும் பேச மாட்டார்கள். பழைய நாட்களில் வார்ராக் ஊரின் மேற்கு பேங்க் வாசலில் சாமானைக் கூவி விற்போம், விலை பேசுவோம், ஏமாற்றுவார்கள், சண்டை போடுவோம். இப்போது பெட்டியில் விலையைப் போட்டுவிட்டு நின்றால் போதும். வசதிதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அத்தனை பேர் சுற்றி நின்றும் பேச்சே இல்லாத அந்த இடம் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கிளான்களும் அப்படியே இருக்குமோ என்று நினைத்தேன். முதலில் சேர்ந்த ஒன்றில் இத்தனை மொத்த லெவல் வேண்டும், வாரத்துக்கு இத்தனை புள்ளி ஏற்ற வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு அது இன்னொரு ஆபீஸ். சொல்லாமலே நீக்கிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அப்புறம் வின்டர்டாட். கௌரண்டின் வடகோடியில், பனியைக் கிளப்பும் ஒரு பெரிய ஜீவனை நெருப்பால் அடக்குகிற விளையாட்டு. வேரை வெட்டி, அதைச் செதுக்கி விறகாக்கி, கணப்பில் போட வேண்டும். கணப்பு அணைந்தால் மூட்ட வேண்டும், உடைந்தால் சுத்தியலால் சரி செய்ய வேண்டும், பக்கத்தில் மந்திரம் போட்டுக்கொண்டிருக்கும் பைரோமேன்சர் விழுந்தால் மருந்து கொடுத்து எழுப்ப வேண்டும். அப்போதெல்லாம் குளிர் நம் உயிரைக் கரைத்துக்கொண்டே இருந்தது, சூடு தரும் உடுப்பு நான்கு போட்டிருந்தால் அடி குறைந்தது. எனக்கு அது தெரியாது. நல்ல இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு போய் நின்று, கொண்டுபோன கேக்கையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு நின்றேன்.

பக்கத்துக் கணப்பில் இருந்த ஒருவர் அடுத்த சுற்று தொடங்கும் முன் என்னிடம் டிரேட் திறந்தார். ஒரு காது மூடி, ஒரு நெருப்புக் கோல். இரண்டும் விலை மலிவான சாமான். இரண்டுமே சூடு கணக்கில் வரும், மற்ற இரண்டை எங்கே வாங்கலாம் என்று டைப் செய்தார். காசு கொடுக்கப் போனேன், டிரேட்டை மூடிவிட்டார். சென்டர் நாட்களில் யாராவது தானாக டிரேட் திறந்தால் முதலில் சந்தேகம்தான் வரும், கவசத்துக்கு இலவசமாகப் பொன்விளிம்பு போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு ஓடினவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இவர் ஓடவில்லை. அந்த இரவு முழுக்க அதே கணப்பில் நின்றோம். கடைசியில் அவருடைய கிளானுக்கு வரச் சொன்னார்.

விதி ஒன்றும் கிடையாது அங்கே. பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்கள், அதனால் நமக்கு இரவுச் சாப்பாடு முடிகிற நேரத்தில் அவர்கள் வேலை முடிந்து வரத் தொடங்குவார்கள். குடோனில் இரவுப் பணி பார்க்கும் ஒருவர், கைக்குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே போனில் மரம் வெட்டும் ஓர் அம்மா, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். யாருக்காவது லெவல் ஏறினால் சாட்டில் தானாக ஒரு வரி வரும், உடனே நாலு வாழ்த்து விழும். என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒருநாள் சொல்லிவிட்டுச் சில நாள் வராமல் இருந்தேன். திரும்பிப் போனதும் அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, இப்போது அம்மாவுக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்பது. பெயரும் முகமும் தெரியாத மனிதர். எனக்கு அன்று விளையாடவே தோன்றவில்லை, பேசிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் இடம் கொடுப்பது விளையாட்டின் மந்தகதிதான் என்று நினைக்கிறேன். எல்லாச் செயலும் 0.6 விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் நடக்கும். நம் ஊரிலிருந்து ஜெர்மனி சர்வருக்குப் போய் வரும் தாமதம் அந்தத் துடிப்புக்குள் அடங்கிவிடும், வேகமான விளையாட்டுகளில் நமக்கு நேரும் அவமானம் இதில் இல்லை. அதோடு 2023ல் வந்த ஃபாரஸ்ட்ரி எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம். அதற்கு முன் நாம் வெட்டும் மரத்துக்கு இன்னொருவர் வந்தால் எதிரி வந்த மாதிரி இருக்கும். இப்போது ஒரே மரத்தைச் சேர்ந்து வெட்டினால் ஆளுக்கு ஒரு லெவல் வீதம் பத்து வரை எல்லோருக்கும் மறைமுகமாகக் கூடும். அவ்வளவு சின்ன விதி, பக்கத்தில் வந்து நிற்கிறவரைப் பார்த்தால் சந்தோஷப்பட வைத்துவிட்டது. டிராய்னர் வில்லோ மரங்களின் கீழ் முன்பின் தெரியாதவர்கள் வணக்கம் சொல்லிக்கொள்வதை இதற்கப்புறம்தான் பார்க்கிறேன். வடிவமைத்தவர்களுக்கு இதற்காக மனதார நன்றி.

அதே ஆட்கள் ஏன் கூரையை மட்டும் தொடவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. புதிய திறன் வேண்டுமென்று ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு, 2025 நவம்பரில் செய்லிங்கே வந்துவிட்டது. கப்பலில் பலர் ஒன்றாகப் போகலாம், எங்கள் கிளானில் சிலர் ஒரே கப்பலில்தான் இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது. கடலையே கட்டிக் கொடுக்க முடிந்தவர்களுக்குக் கூரை மேல் இருவர் சேர்ந்து ஓட ஒரு வழி செய்வது பெரிய வேலையா?

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். காலத்துக்குக் காலம் ஏறிக்கொண்டேதான் போகிறது. போதாக்குறைக்கு என் வங்கி, தானாகப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பல மாதம் தட்டிவிட்டது, ஒவ்வொரு முறையும் கார்டு எண்ணை அடித்து ஓடிபி வாங்கிக் கட்டினேன். விளையாட்டுக்குள்ளேயே தங்கக் காசு சேர்த்து பாண்டு வாங்கினால் 14 நாள் மெம்பர்ஷிப் கிடைக்கும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதை நம்பி இறங்க வேண்டாம், அந்தக் காசைச் சேர்ப்பதே ஒரு தனி வேலையாகிவிடும்.

ஆக என் தீர்ப்பு இதுதான். விளையாட்டாக மட்டும் பார்த்தால் இன்றைக்கு நான் 10க்கு 5 கொடுப்பேன். நேற்று இரவு கானிஃபிஸில் ஒரு மணி நேரம் ஓடி ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் மார்க்தான் கிடைத்தது, அந்தக் கடுப்பும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. தனியாக வந்து தனியாக விளையாடப் போகிறவர் என்றால் சந்தா கட்டச் சொல்ல மாட்டேன். எங்கள் கிளான் போல ஒன்று அமைந்தால் கணக்கு வேறு, ஆனால் அது எல்லோருக்கும் அமையும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எனவே ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதம் கட்டுங்கள். நெருப்பு மூட்டும் திறனான ஃபயர்மேக்கிங்கை 50க்கு ஏற்றி, சூடான உடுப்பு நான்கு வாங்கிக்கொண்டு வின்டர்டாட்டுக்குப் போங்கள். நம் ஊர் நேரப்படி இரவு பத்து மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்கும். சாட் பெட்டியை மூடி வைக்காமல் விளையாடுங்கள்.