தர்மபுரியில் டேட்டாபேஸ் கோர்ஸ் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தர்மபுரியில் ‘டேட்டா அனலிஸ்ட் பயிற்சி, 100% வேலை உத்தரவாதம்’ என்று பேனர் கட்டிய ஒரு மையத்தில் 28,000 ரூபாய் கட்டி, டேட்டாபேஸில் (அட்டவணைகளாகச் சேமித்த தகவல்) இருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் படிக்கச் சேர்ந்தவள் நான். வாங்கிய பணத்துக்கு அங்கே பாதிப் பாடம்கூட நடக்கவில்லை. நடந்ததிலும் பல விஷயம் தப்பு. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து படிக்கிற பிள்ளைகள்தான் இப்படிப்பட்ட இடங்களுக்குக் குறி. பணம் திரும்பக் கேட்டு மனு போடப் போகிறேன், அதனால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால், வேறு பெயரில் இருக்கும் இதே மாதிரி இடத்தையும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பணம். அந்த 28,000-க்குள் 3,500 ரூபாய் ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ் கட்டணம்’ என்று தனியாக ரசீதில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அவர்கள் போட்டுக் கொடுத்தது மைஎஸ்கியூஎல் கம்யூனிட்டி எடிஷன் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அது யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. அதே மாதிரி மென்பொருள்களான போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் இலவசம், எஸ்கியூலைட் இலவசம். ஒரு ரூபாய்கூட ஆகாத ஒன்றுக்கு எங்கள் பேட்ச்சில் ஒவ்வொருவரிடமும் 3,500 வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண், அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டியவள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

அடுத்தது பாடம். முதல் வகுப்பிலேயே ‘டேட்டாபேஸைக் கண்டுபிடித்தது ஆரக்கிள் கம்பெனி’ என்றார் பயிற்சியாளர். உண்மையில் தகவலை அட்டவணைகளாக, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கலாம் என்ற ரிலேஷனல் முறையை 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் எழுதினார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியை அதே ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் வெளியிட்டார்கள். ஆரக்கிள் அதை வைத்து ஒரு மென்பொருள் செய்து விற்றது 1979-இல். சரி, வரலாறு தெரியாவிட்டால் வேலை போகாது என்று விட்டுவிடலாம். ஆனால் ‘நல்’ என்றால் பூஜ்யம் என்று சொல்லிக் கொடுப்பதை எப்படி விடுவது?

நல் என்றால் மதிப்பு தெரியவில்லை, அல்லது இல்லை. போன் எண் தராதவர்களை எடுக்க ‘வேர் போன் = நல்’ என்று அவர் போர்டில் எழுதினார் (எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் பகுதிதான் ‘வேர்’). ஓட்டிப் பார்த்தால் ஒரு வரிகூட வரவில்லை. “சிஸ்டம்ல ஏதோ பிரச்சினைம்மா, விடுங்க” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். சிஸ்டத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. தெரியாத ஒன்றை எதோடு ஒப்பிட்டாலும் விடை ‘தெரியாது’தான். உண்மை என்று விடை வருகிற வரிகளை மட்டுமே டேட்டாபேஸ் எடுத்துத் தரும். அதனால்தான் ‘இஸ் நல்’ என்று தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எந்த நல்ல பாடத்திலும் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிற விஷயம் இது.

இன்னொரு நாள், ஒருவருடைய ஊரை மாற்ற ‘அப்டேட்’ போடும்போது ‘வேர்’ பகுதியை விட்டுவிட்டார். பட்டியலில் இருந்த எல்லோருடைய ஊரும் மாறிவிட்டது. ‘ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்’ போட்டுவிட்டு மாற்றினால், தப்பானதும் ‘ரோல்பேக்’ போட்டு மீட்டுக்கொள்ளலாம். அதைச் சொல்லித் தர எவ்வளவு நல்ல நேரம் அது! அவரோ எல்லோரையும் டேபிளை அழித்துவிட்டு மறுபடி டைப் செய்யச் சொன்னார்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, அட்டவணைகளை எப்படி அமைப்பது என்ற டிசைன் பகுதியையே விழுங்கியது. அதற்கான விதிகளான நார்மல் ஃபார்ம்களில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று மூன்று வரையறைகளை நோட்டில் எழுத வைத்தார்கள். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. நான் பிறகு வீட்டில் உட்கார்ந்து, எங்கள் அப்பா தக்காளி போடும் பாலக்கோடு மார்க்கெட் மண்டியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். தேதி, விவசாயி பெயர், ஊர், போன், பெட்டி, விலை, வியாபாரி என்று ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விவசாயி சீசன் முழுக்கச் சரக்கு கொண்டு வருவார். ஒவ்வொரு வரியிலும் அவர் ஊரும் போனும் திரும்பத் திரும்ப வரும். அவர் நம்பர் மாற்றினால் எல்லா வரியிலும் மாற்ற வேண்டும். நாலு வரி விட்டுப்போனால், எந்த நம்பர் சரி என்று யாருக்கும் தெரியாது. இன்னும் சரக்கு கொண்டு வராத விவசாயியைப் பதிவு செய்யவே முடியாது. ஒருவருடைய ஒரே வரியை அழித்தால் அவருடைய போன் நம்பரும் சேர்ந்து போய்விடும்.

இதற்குத்தான் பிரிக்கிறோம். விவசாயிகளுக்கு ஓர் அட்டவணை, வியாபாரிகளுக்கு ஒன்று, தினசரி வரத்துக்கு ஒன்று. ஒரே ஊரில் இரண்டு முருகேசன் இருப்பார்கள், அதனால் பெயரை நம்ப முடியாது. ஆளுக்கு ஓர் எண் கொடுக்கிறோம், அது பிரைமரி கீ. வரத்து அட்டவணையில் அந்த எண் மட்டும் வரும், அது ஃபாரின் கீ. பட்டியலில் இல்லாத விவசாயியின் எண்ணை யாராவது போட்டால் டேட்டாபேஸே ஏற்காது. வீட்டில் எஸ்கியூலைட்டில் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் இந்த ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு முறை இணையும்போதும் நாம்தான் போட வேண்டும்.

மையத்தில் எங்களுக்குக் கொடுத்த ‘புராஜெக்ட்’ இதற்கு நேர் எதிர். மாணவர் விவரம் முழுதும் ஒரே அட்டவணை, அதில் மார்க்1, மார்க்2, மார்க்3 என்று பத்திகள், ஒரே கட்டத்தில் கமா போட்டு இரண்டு போன் நம்பர்கள். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்கிற முதல் நார்மல் ஃபார்மையே மீறியது. பேட்ச்சில் எல்லோருக்கும் அதே கோப்பு, அதே மாணவர் பெயர்கள். அட்டையில் நம் பெயரை மாற்றிப் பிரின்ட் போட்டுக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா ஒரு தாளில் வாடிக்கையாளர், ஆர்டர் என்று இரண்டு அட்டவணை வரைந்து, “ஆர்டரே போடாத வாடிக்கையாளர்கள் யார் யார்னு எடுத்துக் காட்டும்மா” என்றார். இதற்கு இரண்டு அட்டவணைகளையும் சேர்க்கும் ‘ஜாயின்’ வேண்டும்; அந்தச் சொல்லையே வகுப்பில் நான் கேட்டதில்லை. அவரே பொறுமையாக எழுதிக் காட்டினார்: சாதாரண ஜாயின் போட்டால் ஆர்டர் போட்டவர்கள் மட்டும் வருவார்கள்; லெஃப்ட் ஜாயின் போட்டால் இடப்பக்க அட்டவணையில் எல்லோரும் வருவார்கள், ஆர்டர் இல்லாதவர்களுக்கு வலப்பக்கம் நல் என்று நிற்கும்; அதை ‘இஸ் நல்’ போட்டு வடிகட்டினால் விடை. மையத்தில் விட்டதும் தப்பாகச் சொன்னதும் ஒரே கேள்வியில் வந்து நின்றன.

திரும்பி வந்து மைய உரிமையாளரிடம் கேட்டேன். “ஏம்மா, ஜாயின் எல்லாம் அட்வான்ஸ்டு. அதுக்கு இன்னொரு 15,000 கட்டணும்” என்றார். அட்டவணைகளைப் பிரிப்பதும் தேவைப்படும்போது சேர்ப்பதும்தான் இந்தப் பாடத்தின் உயிர். ஜாயின் இல்லாமல் எஸ்கியூஎல் சொல்லித் தருவது, பெருக்கல் இல்லாமல் கணக்கு சொல்லித் தருவது மாதிரி. வேலை உத்தரவாதம் பற்றிக் கேட்டதற்கு, பெங்களூருவில் டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கும் ஒரு முகவரைக் காட்டினார்கள். அந்த முகவரும் முன்பணம் கேட்டார்.

நீங்கள் சேரும் முன் ஒரு டெமோ வகுப்பு கேளுங்கள். அதில் ‘ஆர்டர் போடாதவர்களை எப்படி எடுப்பது?’ என்று கேளுங்கள். ‘ஒருவருக்கு இரண்டு போன் நம்பர் இருந்தால் எங்கே வைப்பது?’ என்று கேளுங்கள். பாடம் தெரிந்தவர் போர்டில் அங்கேயே செய்து காட்டுவார். ‘அதெல்லாம் போகப் போகத் தெரியும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பாடத்திட்டத்தைக் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ‘ஐஎஸ்ஓ’ பலகையைப் பார்த்து மயங்காதீர்கள்; ஐஎஸ்ஓ அமைப்பு தரங்களை எழுதுகிறது, தானாக யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. ‘உத்யம்’ பதிவும் சிறுதொழில் பதிவுதான், பாடத்துக்கு அரசு கொடுத்த அங்கீகாரம் அல்ல. அப்புறம், அசல் மதிப்பெண் பட்டியலை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு நல்ல பாடம் இலவசமாகவே இருக்கிறது. ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில், காரக்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்தபோது பார்த்த பிரதிம் தாஸ் நடத்திய டேட்டாபேஸ் பாடம் முழுதும் காணொளியாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அதையும் எஸ்கியூலைட்டையும் வைத்தே இப்போது படிக்கிறேன்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மையம் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பயிற்சி மையங்கள் வேலை உத்தரவாதம் என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறையே வெளியிட்டிருக்கிறது. அதனால் பேனரையும் நோட்டீஸையும் போட்டோ எடுத்து வையுங்கள். ரசீது தரவில்லை என்றால் ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்.

ஒரே மாதிரிப் புகார் உள்ள பலர் இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே மனு போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தர்மபுரியில் 3,500 ரூபாய் ‘லைசென்ஸ் கட்டணம்’ என்று ரசீது வைத்திருப்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போடலாம்.