துறைமுகக் கருங்கல் வீடு: பாயிண்டிங் சுண்ணாம்பிலா, சிமென்ட்டிலா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் பென்சான்ஸை ஒட்டி ஒரு சின்னத் துறைமுக ஊர். ஆங்கிலத்தில் Mousehole என்று எழுதுவார்கள்; எழுத்தைக் கூட்டிப் படித்தால் எலிப்பொந்து என்று வரும். ஊரார் வாயில் மௌசல். 1595-ல் ஸ்பானியப் படை கொளுத்திய ஊர் என்பதால் இப்போது நிற்கும் கருங்கல் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. போர்ட்லாந்து சிமென்ட் காப்புரிமை பெற்றது 1824-ல். ஆகவே இவற்றில் பழையவற்றின் சுவர்கள் மண்ணிலும் சுண்ணாம்பிலும் எழுந்தவை. சுமார் 60 செ.மீ. கனம், இருபுறமும் கல்முகம், நடுவே சில்லும் மண்ணும்.

கல்லிடுக்கில் உள்ள கலவை உதிர்ந்தால் அதை மறுபடி நிரப்புவதுதான் பாயிண்டிங். சிமென்ட்டால் அடைப்பது சுலபம். மலிவு, மறுநாளே கெட்டியாகிவிடும், எந்தக் கொத்தனாரும் செய்வார். அதன் நன்மைகள் அத்தோடு முடிந்தன.

தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கருங்கல் ஈரத்தைக் கிட்டத்தட்ட உறிஞ்சாது. சுவர் காய்வதற்கு இருக்கும் வழி இடுக்கு ஒன்றே. சிமென்ட் கெட்டிப்பட்டதும் சுருங்கி, கல்லோரத்தில் மயிரிழை விரிசல் விடும். காற்றடித்த மழை அதில் நுழையும், காய வழியிருக்காது. ஈரம் உட்பக்கம் திரும்பி ஓதம் காக்கும். ஜன்னல் மேலுள்ள மர உத்தரமும், சுவரில் செருகிய விட்டங்களின் நுனியும் மெல்ல உளுக்கும். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் நிலைமை இன்னும் மோசமாகும். சுண்ணாம்பில் உப்பும் ஈரமும் இடுக்கு வழியே வெளியேறும். காலப்போக்கில் உதிர்வது கலவைதான், அதை மாற்றிக்கொள்ளலாம்.

எனவே நீரில் இறுகும் சுண்ணாம்பு, என்.எச்.எல் 3.5 ரகம். ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு, பொடியும் பருக்கையும் கலந்த கழுவிய மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது. பழைய சிமென்ட்டை உளியால் எடுக்கவும்; கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. தூசியைக் கழுவி, முந்தின நாளே நனைத்து வைத்து, ஆழமான இடங்களில் 20 மி.மீ. அளவில் அடுக்கடுக்காக அழுத்தி நிரப்ப வேண்டும். அகலமான இடுக்கில் கல்சில்லு செருகினால் கலவை சுருங்காது. கட்டைவிரல் பதியாத பதம் வந்ததும் முரட்டுத் தூரிகையால் அடித்து, கல்லோடு சமமாகவோ சற்று உள்வாங்கியோ விடுங்கள். பட்டை போலப் புடைத்து நின்றால் அதன் மேல் மழை தங்கும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரம் காட்டுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர் போகும் நாளில் தொடவே வேண்டாம்.

புகைபோக்கி உச்சி போன்ற அலைச்சாரல் அறையும் இடங்களுக்கு இன்னும் கெட்டியான என்.எச்.எல் 5 எடுப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வீடு இது மாறும். சுட்ட சுண்ணாம்பைத் தளத்திலேயே நீற்றிக் கலக்கும் பழைய முறை மண்கலவையில் எழுந்த இந்தக் கல்சுவருக்கு நெருங்கிய பொருத்தம்தான், ஆனால் கைப்பழக்கமில்லாதவர் கையில் கொதித்துத் தெறிக்கும். சுண்ணாம்பில் ‘பலத்துக்கு’ ஒரு கை சிமென்ட் போடுவது மட்டும் யாருக்கும் வேண்டாம்.

வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், கலவையை மாற்றுமுன் உள்ளாட்சியின் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். ஒப்புதல் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்வது 1990-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிமென்ட்டை எடுத்த அடுத்த மாதமே ஓதம் போகாது. இத்தனை கனச் சுவர் காய ஓரிரு ஆண்டு பிடிக்கும். அதுவரை உட்பக்கம் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதீர்கள்.