தேரைக்கு ஒரு முட்டுக்கட்டை: இழுத்துச் செல்லும் காரின் துணை பிரேக்கோடு ஆறு ஆண்டுகள்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, வைத்திருப்பவர்கள், அதன் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிறிய காரை 'டோட்' என்பார்கள். 'இழுக்கப்படுவது' என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைச் சற்றுத் திரித்து வைத்த செல்லப்பெயர் அது. அதே ஒலிக்குத் தேரை என்றும் பொருள் இருப்பதால் எங்கள் வீட்டில் காரின் பெயர் தேரை என்றே நிலைத்துவிட்டது. "தேரை இழுத்துக்கொண்டு மொன்டானா போகிறோம்" என்று தொலைபேசியில் சொன்னால், எந்தக் கோயில் தேர் என்று அம்மா கேட்பார். கேள்வியில் தவறில்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கைதான். மோட்டார்ஹோம் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் காரின் பிரேக்கையும் அழுத்தும் கருவிதான் துணை பிரேக். எங்கள் தேரைக்கு நான் வாங்கிய அப்படிப்பட்ட இரண்டு முட்டுக்கட்டைகளின் கதை இது.

வண்டி, 34 அடி நீளமுள்ள பெட்ரோல் மோட்டார்ஹோம். ஃபோர்டு எஃப்53 சேஸி (அடிச்சட்டம்), வி10 எஞ்சின். கார், 2014 ஹோண்டா சிஆர்-வி. தேடிப்பிடித்து 2014 மாடலை வாங்கியதற்குக் காரணம் உண்டு. 2015இல் அந்தக் காருக்கு சிவிடி என்னும், படிகளில்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர்பெட்டி வந்துவிட்டது. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கும் வசதி அதோடு போயிற்று. லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையம் ஒன்றில் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். சாமான், தண்ணீர், நாங்கள் இருவர் எல்லாம் சேர்த்து மோட்டார்ஹோம் 20,860 பவுண்டு. கார் 3,620 பவுண்டு. இந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொள்ளாமல் பிரேக் வாங்கப் போகாதீர்கள். வண்டியின் பின்புறக் கொக்கியில் 5,000 பவுண்டு என்று பொறித்திருக்கும். வண்டியும் காரும் சேர்ந்து சேஸிக்கு உள்ள மொத்த எடை வரம்போ 26,000. வண்டியை அதன் முழுத் தாங்குதிறனான 22,000 வரை நிரப்பினால், இழுக்க மிஞ்சுவது 4,000தான்.

துணை பிரேக் உண்மையிலேயே தேவையா என்று ஒவ்வொரு முகாமிலும் யாராவது ஒருவர் கேட்கிறார். "இருபது வருஷமாக இல்லாமல்தான் ஓட்டுகிறேன்" என்று கூடவே பெருமையும் வரும். நான் பதிலுக்குக் கணக்கைத்தான் சொல்வேன். எங்கள் கார், வண்டியின் எடையில் ஏறக்குறைய 17 சதவீதம். மணிக்கு 60 மைல் வேகத்தில் மோட்டார்ஹோம் தனியாக 240 அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பிரேக்கின் தலையில் இந்த எடையையும் கட்டினால் 280 அடி ஆகும். கூடுதலாக வரும் 40 அடி என் வண்டியின் நீளத்தைவிட அதிகம். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பல மாநிலங்கள் 3,000 பவுண்டைத் தாண்டினால் பிரேக் வேண்டும் என்கின்றன; டெக்சாஸில் 4,500. பெரும்பாலான விதிகள் டிரெய்லரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாங்களோ ஒரே பயணத்தில் ஐந்து மாநில எல்லைகளைக் கடக்கிறவர்கள். ஆகவே கடுமையான விதிக்கே தயாராக இருப்பது எளிது.

சந்தையில் பல பெயர்கள் இருந்தாலும் வகைகள் சிலவே. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்து, பெடலில் கவ்வியை மாட்டும் பெட்டி ஒன்று. பிரேக் பட்டி, புளூ ஆக்ஸ் பேட்ரியட் போன்றவை. காருக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்துவது இன்னொன்று. டெம்கோவின் ஸ்டே-இன்-பிளே டூயோ, ரோட்மாஸ்டரின் இன்விசிபிரேக் போல. மோட்டார்ஹோமில் காற்று பிரேக் இருந்தால் ஏர் ஃபோர்ஸ் ஒன் போன்றவை அந்தக் காற்றிலிருந்தே சைகை பெறும். ஓட்டுநர் எவ்வளவு மிதிக்கிறாரோ அந்த அளவுக்குக் காரும் பிரேக் பிடிக்கும். டீசல் வண்டிக்காரர்கள் அதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். எங்கள் பெட்ரோல் வண்டிக்கு எண்ணெய் பிரேக்தான், அதனால் அந்தக் கதவு மூடியிருந்தது. கார் முன்னோக்கித் தள்ளும் விசையைக் கொண்டே கேபிளை இழுத்துப் பெடலை அழுத்தும் ரெடிபிரேக் போன்ற இயந்திர வகையும் உண்டு. மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு அது பிடிக்கும்.

முதலில் வாங்கியது பெட்டி. விலை 1,150 டாலர். கார் மாற்றினால் பெட்டியும் கூடவே வரும் என்பதுதான் என்னை இழுத்தது. எந்த நிறுவனத்துடையது என்று எழுதவில்லை. இனி நான் சொல்லும் குறை அந்த வகைக்கே பொதுவானது.

காலையில் கிளம்பும் சடங்கைக் கேளுங்கள். வண்டியையும் காரையும் இணைக்கும் டோ பாரை மாட்டி, பாதுகாப்புக் கேபிள்களைக் கோத்து, விளக்கு வயரைச் சொருக வேண்டும். காரின் எஞ்சினை ஓடவிட்டு, கியரை டி-யில் ஐந்து விநாடி வைத்து, என்-க்குக் கொண்டுவந்து, மூன்று நிமிடம் காத்திருந்து அணைக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை முதல் நிலையில் விட வேண்டும். அதன் பிறகு பெடலை ஐந்தாறு முறை மிதிக்க வேண்டும். எஞ்சின் அணைந்த பின்னும், பெடல் மிதிக்கு வலுச்சேர்க்கும் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கான வேக்வம் (வெற்றிடம்) மிஞ்சியிருக்கும். அதைத் தீர்க்காமல் பெட்டியை மாட்டினால், கல்லாக இறுகிய பெடலுக்கென்று கணக்கிட்ட அழுத்தம் மெத்தென்ற பெடலில் விழுந்து, முதல் பிரேக்கிலேயே கார் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கடைசியில் பெட்டியை இறக்கி, கவ்வியைப் பெடலில் மாட்டி, இருக்கையை முன்னால் நகர்த்தி முட்டுக்கொடுத்து, 12 வோல்ட் வயரைச் சொருக வேண்டும். நிதானமாகச் செய்தால் பத்து நிமிடம். மழையில் அதே வேலை அரை மணி நேரம் போலத் தோன்றும்.

சோம்பலும் இதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முகாமிலிருந்து பெட்ரோல் நிலையம் வரை எட்டு மைல்தானே என்று பெட்டியை மாட்டாமல் கிளம்பிய நாட்கள் உண்டு. மனைவி கேட்டால், "பக்கம்தானே" என்பேன். முன்னால் போகிற வண்டி சடன் பிரேக் போடுவதற்கு அந்த எட்டு மைல் தாராளம்.

இரண்டாம் ஆண்டு கோடையில், மொன்டானாவில் ஐ-90 சாலையில் மிஸௌலாவுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தோம். டயர் அழுத்தம் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "தேரையின் முன் டயர் இரண்டும் பின் டயரைவிடச் சூடாக இருக்கின்றன, நிறுத்திப் பாருங்கள்" என்றாள். வெயில் பக்கமாக இருக்கும் என்று நான் ஒரு மைல் ஓட்டினேன். வெயில் இரண்டு பக்கமும் அடிக்காது என்று அவள் சொன்ன பிறகுதான் ஓரம் கட்டினேன். கதவைத் திறந்ததும் கருகிய வாசனை மூக்கில் ஏறியது. பத்து நிமிடம் கழித்து வெப்பமானியைக் காட்டியபோதும் முன் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) 430 டிகிரி ஃபாரன்ஹீட். பின் ரோட்டர் 130. முன் ரோட்டரின் பளபளப்பில் நீலமும் ஊதாவும் கலந்து மயில்கழுத்து நிறம் ஏறியிருந்தது. பட்டுப்புடவையில் அழகான நிறம்தான்.

காரணம் என் கை. சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் காரிலிருந்து ஒரு பையை எடுக்க இருக்கையைப் பின்னால் தள்ளினோம். திரும்ப முட்டுக்கொடுத்தபோது இருக்கை அதன் தண்டவாளத்தில் ஒரு பல் கூடுதலாக முன்னால் வந்துவிட்டது. பெட்டியின் கை ஓய்வு நிலையில் இருக்கும்போதே பெடல் ஒரு நூலளவு அமுங்கியிருந்தது. 24,000 பவுண்டை இழுக்கும் வி10 எஞ்சினுக்கு இந்த உரசல் உறைக்கவே இல்லை. மோட்டார்ஹோமில் என் எதிரே இருந்த சிறிய திரையோ எல்லாம் சரி என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவும் இல்லை. தன் கை மடங்கியிருக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியும். பிரேக் விட்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ரோட்டர், பேட், வேலைக்கூலி என்று 640 டாலர் போயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் காரே போயிருக்கும்.

அன்று முதல் இந்தக் கருவிகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், விற்பவர்களும் அதைத்தான் காட்டுகிறார்கள். பிடித்ததை முழுதாக விடுகிறதா, விடாவிட்டால் 40 அடி முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும் என்பவைதான் நான் கேட்கும் கேள்விகள்.

அதே பெட்டிக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சாவி முதல் நிலையிலேயே இருக்க, பெட்டியும் அதே மின்சாரத்தை உறிஞ்ச, ஆறு மணி நேரப் பயணத்தின் முடிவில் கார் பேட்டரி படுத்துவிட்டது. கார் கிளம்பவில்லை என்பது சின்னத் தொல்லை. கடைசி எத்தனை மைல் பிரேக்கே இல்லாமல் வந்தோம் என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மோட்டார்ஹோமிலிருந்து கார் பேட்டரிக்குச் சார்ஜ் வரும்படி ஒரு வயர் இழுத்தோம். ஃபியூஸோடு சேர்த்து நூறு டாலருக்குள் முடிந்தது. எந்த வகை பிரேக் வாங்கினாலும் இந்த வயரை முதலில் போடுங்கள்.

மூன்றாம் ஆண்டு நிரந்தர வகைக்கு மாறினேன். கருவி 1,400 டாலர், பொருத்தும் கூலி 800. பெடலுக்குப் பின்னால் விரல் தடிமனில் ஒரு காற்று உருளை, பானெட்டுக்குள் ஒரு சிறிய கம்ப்ரஸர், பூஸ்டருக்கு வேக்வம் தரும் பம்பு, அவ்வளவுதான். பூஸ்டர் உயிரோடு இருப்பதால் பெடலை லேசாக அழுத்தினாலே போதும். மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கும் எரிய வேண்டும், வேகம் குறைவதைக் காரிலுள்ள உணரியும் உணர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அழுத்தும். டீசல் வண்டிகளில், எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாலே பிரேக் விளக்கு எரிவதுண்டு. விளக்கை மட்டும் நம்பும் கருவி, மலையிறக்கம் முழுவதும் காரை அழுத்திக்கொண்டே வரும். வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைச் சடங்கில் பெட்டி தொடர்பான எல்லாம் ஒழிந்தது. மின்வயரைச் சொருகி, கார் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியை மாட்டி, சுவிட்சைப் போட்டால் முடிந்தது. எட்டு மைல் போனாலும் பிரேக் உண்டு. நான் கொடுத்த கூடுதல் பணம் என் சோம்பலுக்கான அபராதம் என்று மனைவி சொல்கிறாள்.

ஆனால் பொருத்திய பட்டறை ஒரு வேலை செய்திருந்தது. கார் பிரேக் பிடிக்கும்போது என் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நான் மிதித்தபோதெல்லாம் அழகாக எரிந்தது. இரண்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். ஒருநாள் காலி வாகன நிறுத்துமிடத்தில் மனைவியிடம், "காரில் உட்கார்ந்து நீ மிதித்துப் பார்" என்றேன். மிதித்தாள். விளக்கு எரியவில்லை. நன்றாக மிதி என்று கத்தினேன். "இதற்குமேல் மிதித்தால் தரை பிய்ந்துவிடும்" என்று பதில் வந்தது. கார் பெடலின் சுவிட்சிலிருந்து எடுக்க வேண்டிய வயரை, மோட்டார்ஹோமிலிருந்து வரும் பிரேக் விளக்குச் சைகையிலேயே இணைத்திருந்தார்கள். என் காலைப் பற்றிய செய்தியை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த விளக்கு அது! ஒரே ஒரு வயரை இடம் மாற்றியதும் சரியாயிற்று. உங்கள் வண்டியில் இப்படி ஒரு விளக்கு இருந்தால் இன்றே இதேபோல் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள்.

சரியான விளக்கு என்ன செய்யும் என்பதை ஓரிகனில், பெண்டில்டனுக்குக் கிழக்கே கேபேஜ் ஹில் இறக்கத்தில் பார்த்தேன். ஐ-84 அங்கே ஆறு சதவீதச் சரிவில், கொண்டைஊசி போன்ற வளைவுகளோடு இறங்குகிறது. மேலேயே வேகத்தைக் குறைத்து, பாரம் இழுக்கும்போது கியரைத் தாழ்வாக வைக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்தி, தாழ்ந்த கியரில் எஞ்சினையே பிடித்து நிறுத்தும்படி விட்டேன். வேகம் ஏறும்போது மட்டும் ஒருமுறை உறுதியாக மிதித்து, பத்து மைல் வேகம் குறைத்து, காலை எடுத்தேன். மிதிக்கும்போது விளக்கு எரிந்தது, எடுத்ததும் அணைந்தது. லேசாகத் தொட்டால் எரியவில்லை; வேகம் போதிய அளவு குறையாததால் உணரி பொறுத்துக்கொண்டது. அடிவாரத்தில் நிறுத்தி வெப்பமானியைப் பிடித்தேன்: முன்னே 190, பின்னே 150. அந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிரேக்அவே கம்பியைப் பற்றிச் சுருக்கமாக. அதை மோட்டார்ஹோமின் உடலில்தான் மாட்ட வேண்டும். டோ பாரில் மாட்டினால், பார் கழன்று காரோடு போகும்போது கம்பியும் கூடவே போய்விடும். மாதம் ஒருமுறை ஊசியை உருவி, கார் பிரேக் பிடித்து நிற்கிறதா என்று பார்க்கிறேன். நான்காம் ஆண்டில் ஒருமுறை பிடிக்கவில்லை. சுவிட்சுக்குள் துரு. இருபது டாலருக்குப் புதிது வாங்கிப் போட்டேன்.

வருடத்துக்கு இரண்டு பயணம் போகிறவர், அல்லது இரண்டு கார்களை மாற்றி மாற்றி இழுப்பவர் பெட்டியே வாங்கலாம். இருக்கை நிற்க வேண்டிய பல்லுக்கு நேரே தண்டவாளத்தில் பெயிண்ட் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டியதும் காரின் பிரேக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள். எங்களைப்போல் ஆண்டுக்கு நான்கு மாதம் சாலையில் இருப்பவர்களுக்கு நிரந்தர வகைதான் சரி.

சிஆர்-விக்கு வயதாகிறது. அடுத்து வருவது எஞ்சின் அணைந்த பின்னும் பூஸ்டர் வேலை செய்யும் மின்சார பிரேக் காராக இருக்கலாம். அதில் பெடல் எப்போதும் மெத்தென்றே இருக்கும், எனவே வேக்வம் பம்பு வேண்டாம். உருளையின் அழுத்தத்தை அந்தக் காருக்கு ஏற்ப அமைக்க வேண்டும். உருளையையும் கம்ப்ரஸரையும் கழற்றி மாற்றலாம், கூலி மட்டும் மறுபடி கொடுக்க வேண்டும் என்று இப்போது போகும் பட்டறையில் சொன்னார்கள். டாஷ்போர்டு விளக்கின் வயரை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தேதி குறித்தேன்.