டேங்குக்குள் போடும் ஹோஸ்: எது தாங்கும்?

டேங்குக்கு வெளியே பெட்ரோல் ஒழுகினால் மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். டேங்குக்குள் பம்பிலிருந்து பெட்ரோலை மேலே கொண்டுபோகும் ஹோஸ் கிழிந்தால் ஒரு சொட்டுகூடக் கீழே விழாது. ஒழுகுவதெல்லாம் திரும்ப டேங்குக்குள்ளேயே விழும், வாசனையும் வராது. இன்ஜினுக்குப் போகும் அழுத்தம்தான் குறையும்.

என் பழைய பெட்ரோல் வேனில் இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. ராமேஸ்வரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் ஏறினால் பாதி மேட்டிலேயே வண்டி மூச்சு வாங்கும். காலையில் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிளக் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் உச்சிப்புளியில் ஒரு மெக்கானிக் தம்பி டேங்கை இறக்கி பம்பை வெளியே எடுத்தார். முந்தைய வருஷம் வேறொரு பட்டறையில் பம்ப் மாற்றியபோது போட்ட கறுப்பு ஹோஸ், மழையில் ஊறிய செருப்பு வார் மாதிரி உப்பிக் கிடந்தது. கிளாம்ப் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். தொட்டதும் விரலில் மை அப்பியது.

“அண்ணே, இது வெளியில ஓடுற லைனுக்குப் போடுறது. உள்ள போட்டுட்டாங்க” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். வெளியில் ஓடும் ஹோஸுக்குள் மட்டும்தான் பெட்ரோல் இருக்கும். டேங்குக்குள் உள்ளும் புறமும் பெட்ரோல். மேல்தோலும் சேர்ந்து ஊறும். வெட்டிய முனையும் ஊறும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடையில் கிடைப்பதைப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுகிறேன்: பைக்குக்குப் போடும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப். ஊறி வெளியே எடுத்தால் மஞ்சளாகி, காய்ந்த குச்சியாக விறைத்துப் போகும். அது பேச்சுக்கே வேண்டாம்.

சாதாரணக் கறுப்பு ஃப்யூயல் ஹோஸ்தான் எல்லா ஸ்பேர் கடையிலும் அடிக்கணக்கில் வெட்டித் தருவது. மேலே எஸ்ஏஇ 30ஆர்7 என்று தரக் குறியீடு அச்சிட்டிருக்கும். உள்ளே நைட்ரைல் ரப்பர். தாங்கும் அழுத்தம் 50 பிஎஸ்ஐ அளவு. கார்புரேட்டர் வண்டிக்கு அது தாராளம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் தள்ளுவது 3 முதல் 4 பார். அதாவது 43 முதல் 58 பிஎஸ்ஐ. புதிதாக இருக்கும்போதே விளிம்பில் நிற்கிறது. போதாக்குறைக்கு, 2023-இல் சில பெட்ரோல் பங்க்குகளில் வந்த 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோல் 2025-க்குள் பரவலாகிவிட்டது. எத்தனால் கலந்தால் நைட்ரைல் இன்னும் அதிகமாக உப்பும். எனக்குப் போட்டிருந்தது இதைத்தான்.

அடுத்தது இன்ஜெக்‌ஷன் ஹோஸ், 30ஆர்9. பலர் ஏமாறுவது இங்கேதான். விலை கூட, உள்பூச்சு ஃப்ளோரோ ரப்பர் (பட்டறையில் விட்டான் என்பார்கள்), அழுத்தமும் அதைவிட அதிகம் தாங்கும். கடைக்காரரே “இதைப் போடுங்க, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்” என்பார். டேங்குக்கு வெளியே என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அதன் மேல்தோல் வெயிலுக்கும் சூட்டுக்கும் செய்தது, பெட்ரோலில் முங்கிக் கிடக்கச் செய்ததல்ல. டேங்குக்குள் அது உப்பி, உதிர்ந்து, துகள் போய் பம்பின் சல்லடையை அடைக்கும். நல்ல ஹோஸைத் தப்பான இடத்தில் போட்டால் மலிவு ஹோஸுக்கும் அதற்கும் வித்தியாசம் சில மாதம்தான்.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்கு மட்டும்: 30ஆர்10, கம்பெனியிலிருந்தே வரும் மடிப்பு நைலான் குழாய்.

30ஆர்10 முங்கிக் கிடப்பதற்கென்றே செய்தது. உள்ளும் வெளியும் ஃப்ளோரோ ரப்பர். பொதுவாக 100 பிஎஸ்ஐ வரை தாங்கும், நமக்கு அது போதும். குறை விலைதான், அடிக்கணக்கில் கேட்டால் சாதாரண ஹோஸைப்போல் பல மடங்கு. ஆனால் வேண்டியது ஒரு சாண் ஹோஸ். டேங்கை இறக்கி ஏற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. நம் பக்கத்துக் கடைகளில் நான் தேடியபோது கிடைக்கவில்லை, மதுரையிலிருந்து வரவழைத்தேன். வாங்கும்போது ‘10’ என்ற எண்ணை ஹோஸின் மேல் கண்ணால் பார்த்து வாங்குங்கள். “டேங்க் ஹோஸ்தான் சார்” என்ற வாய்ச்சொல் போதாது.

நைலான் குழாய் அதைவிட நீண்ட நாள் உழைக்கும். எத்தனாலைக் கண்டுகொள்ளாது, மடிப்பு இருப்பதால் நெளிந்தாலும் நசுங்காது, கிளாம்பும் வேண்டாம். ஆனால் சூடாக்கி நிப்பிளில் (குழாய் மாட்டும் முனை) ஏற்ற வேண்டும். ஒரு தடவை கழற்றினால் பழைய பிடிப்பு வராது, புதிதுதான் போட வேண்டும். கழற்றும்போது பிளேடு நிப்பிளில் கீறினால் அந்தக் கீறல் வழியே அழுத்தம் கசியும். சூடாக்க வெந்நீர் போதும். பெட்ரோல் பட்ட பம்புக்குப் பக்கத்தில் லைட்டரை நீட்டுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பம்பை முழு செட்டாக மாற்றுகிறீர்கள் என்றால் நைலானோடு வருவதையே போடுங்கள். மோட்டாரை மட்டும் மாற்றினால் 30ஆர்10 என்பது என் கணக்கு.

அப்புறம் கிளாம்ப். பல் வெட்டிய திருகு கிளாம்ப் ரப்பரைக் கடித்துவிடும். என் ஹோஸ் விரிசல் விட்டதே அந்தப் பல் பட்ட இடத்தில்தான். சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப், அதுவும் எவர்சில்வரில், வாங்குங்கள். டேங்குக்குள் உப்புக்காற்று வராது என்று நினைக்கலாம். தனுஷ்கோடி ரோட்டில் தினமும் ஓடும் வண்டியில் பம்ப் மூடியையும் அதன் நட்டுகளையும் பாருங்கள், துரு செதில் செதிலாக நிற்கும். மூடியைத் திறக்கும் முன் பிரஷ் போட்டுத் துடைக்காவிட்டால் அத்தனையும் உள்ளே விழும்.

உச்சிப்புளித் தம்பியின் பட்டறையில் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றி, ஹோஸ் துண்டுகளைப் போட்டு, இறுக மூடி வைத்திருக்கிறார். நான் ஒரு அடி வாங்கியதில் மிஞ்சியதையும் வெட்டிப் போட்டார். அடுத்த மாதம் ஆயில் மாற்றப் போனபோது இடுக்கியால் எடுத்துக் காட்டினார். ஆர்7 துண்டு என் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்திருந்தது. ஆர்9 உள்ளே நன்றாக இருந்தது, மேல்தோல் உப்பிக் கழன்றிருந்தது. மூன்றாவதை வெர்னியர் வைத்து அளந்தார். போட்ட அளவிலேயே இருந்தது.