ரிக்மேன் மெட்டீஸுக்கு வீட்டிலேயே புது ஒயரிங்: நான்கு வழிகளில் எது சரி?

ரிக்மேன் மெட்டீஸ் என்கிற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளில் பின் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பல்பைக் கழற்றாதீர்கள். அந்த விளக்கு உட்கார்ந்திருப்பது ஃபைபர் கிளாஸ் மேல். ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் இரும்பு மட்கார்டு வைத்த வண்டிகளில் தானாகக் கிடைக்கிற பாடி எர்த், அதாவது மின்சாரம் உலோகம் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிற பாதை, இங்கே கிடையாது. டிரையம்ப் போன்வில்லுக்கு என்று விற்கிற ரெடிமேட் ஒயரிங் கிட்டை வாங்கி இதில் மாட்டுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். போன குளிர்காலம் முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து என் மெட்டீஸுக்குப் புது ஒயரிங் போட்டேன். அதற்கு முன் நான்கு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அந்தக் கணக்குதான் இது.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் நியூ மில்டன் என்கிற ஊரில் டான், டெரிக் ரிக்மேன் சகோதரர்கள் இருந்தார்கள், இருவரும் ஸ்கிராம்பிள் என்கிற மண்பாதைப் பந்தயக்காரர்கள். கையில் கிடைத்த பிரேம்கள் திருப்தி தராமல் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். மெட்டீஸ் என்றால் பிரெஞ்சில் கலப்பினம். ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய், வெண்கலப் பற்றவைப்பு, மேலே பளபளக்கும் நிக்கல் பூச்சு, இன்ஜின் எண்ணெய் பிரேம் குழாய்க்குள்ளேயே. இதைக் கிட்டாக விற்றார்கள், வாங்கியவர் தன் டிரையம்ப் இன்ஜினையோ மேட்ச்லெஸ் இன்ஜினையோ அதில் உட்காரவைத்தார். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. 1970 வாக்கில் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முடிவுக்கு வந்தபோது தேங்கிக் கிடந்த 736 சிசி இன்டர்செப்டர் இன்ஜின்களுக்குப் பிரேம் கொடுத்து வண்டியாக்கியவர்கள் இவர்கள்தான். சென்னை திருவொற்றியூரில் மட்டும் என்ஃபீல்டு உற்பத்தி தொடர்ந்தது, 2015-இல் அதே ராயல் என்ஃபீல்டு இன்னொரு பிரிட்டிஷ் பிரேம் பட்டறையான ஹாரிஸை வாங்கியது.

கிட்டாகப் போன வண்டி என்பதால் ஒரு மெட்டீஸின் ஒயரிங் இன்னொன்றில் இருக்காது. ஆளுக்கொரு ஹெட்லைட், ஆளுக்கொரு சுவிட்ச், பேட்டரி ஒருவருக்கு சீட்டுக்கு அடியில், இன்னொருவருக்கு இன்ஜினுக்குப் பின்னால். என்னுடையதில் இருப்பது 650 சிசி டிரையம்ப் டி120 போன்வில் இன்ஜின், 12 வோல்ட், லூகாஸ் கம்பெனியின் ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தயாரிக்கும் பாகம்), இரண்டு இக்னிஷன் காயில். முன்பு வைத்திருந்தவர் சிவப்பு ஒயரை லைவ் என்று நினைத்து எங்கெங்கோ இணைத்திருந்தார். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பிரேமோடு சேரும், சிவப்புதான் எர்த். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் ஒயர் உருகும்.

முதல் வழி, லூகாஸ் போட்டது போட்டபடி: பாசிட்டிவ் எர்த், துணி உறை போட்ட ஒயரிங் கிட், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் தனி ரெக்டிஃபையர், மிஞ்சுகிற மின்சாரத்தைச் சூடாக மாற்றி வெளியே விடும் ஜீனர் டயோடு, தீப்பொறி வர நேரம் பார்த்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் செட். போன்வில் பிரேமில் இருக்கும் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். நிறக் குறியீடு புத்தகத்தில் உள்ளபடி இருக்கும், வெள்ளை இக்னிஷன், நீலம்-வெள்ளை ஹை பீம், நீலம்-சிவப்பு டிம், பழுப்பு-பச்சை பின் விளக்கு என்று ஐம்பது வருடம் கழித்து வருகிறவனுக்கும் புரியும். மெட்டீஸில் அந்தக் கிட்டின் ஒவ்வொரு கிளையும் தப்பான இடத்தில் முடிகிறது. ஹெட்லைட்டுக்குப் போகிறது எட்டாது, பின்னால் போகிறது ஒரு முழம் மிச்சம். வெட்டியும் ஒட்டியும் சேர்க்க ஆரம்பித்தால், காசு கொடுத்து வாங்கியதன் பயனே போய்விடும். ஜீனர் டயோடுக்குக் காற்று படுகிற இடத்தில் கனமான அலுமினியத் தகடு வேண்டும், இந்த ஒல்லி வண்டியில் அதற்கு அழகான இடமும் இல்லை.

இரண்டாவது, பேட்டரியே இல்லாமல் ஓட்டுவது. பேட்டரி இருக்கிற இடத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர், லூகாஸின் 2எம்சி அந்த வேலைக்கென்றே வந்தது. எடை குறையும், ஆசிட் கசிவு இல்லை, நிக்கல் பூச்சுக்கும் பாதுகாப்பு. மண் பாதையில் பகலில் மட்டும் ஓடுகிற ஸ்கிராம்பிள் மெட்டீஸுக்கு இதைவிட நல்லது இல்லை. சாலைக்கு வந்தால் சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்கும், இன்ஜின் நின்றால் பின் விளக்கும் நின்றுவிடும். இங்கிலாந்தின் நவம்பர் மாலையில், மழைத் தூறலில், பின்னால் லாரி வரும்போது நான் அதைச் செய்யமாட்டேன்.

மூன்றாவது, ஜெர்மனியின் மோட்டோகேஜெட் செய்கிற எம்-யூனிட் மாதிரி டிஜிட்டல் பெட்டி. இதைத் திட்டுகிற பழைய ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃபியூஸ், ரிலே, இண்டிகேட்டர் பிளாஷர் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டி ஏற்றுக்கொள்கிறது, கைப்பிடி சுவிட்சிலிருந்து ஒல்லி ஒயர் மட்டும் போனால் போதும், எந்தக் கிளையில் ஷார்ட் என்று அதுவே விளக்கு போட்டுக் காட்டும். ஒயர் கட்டு பாதியாகக் குறைகிறது, மெட்டீஸ் மாதிரி எலும்பு தெரிகிற வண்டிக்கு அது பெரிய லாபம். ஆனால் விலை சில நூறு பவுண்டு, நெகட்டிவ் எர்த் கட்டாயம், சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இதில் கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும். என்னைத் தடுத்தது வேறு ஒன்று. இண்டிகேட்டரே இல்லாத வண்டி இது, ஹெட்லைட், பின் விளக்கு, பிரேக் லைட், ஹாரன், இக்னிஷன் அவ்வளவுதான். ஐந்து வேலைக்கு அவ்வளவு மூளை தேவையில்லை. வேல்ஸ் மலையில் இரவு எட்டு மணிக்கு அந்தப் பெட்டி நின்றுவிட்டால் என்னால் அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. இண்டிகேட்டர், ஸ்டார்ட்டர், அலாரம் எல்லாம் வைத்து எழுபதுகளின் ஹோண்டா இன்ஜின் போட்ட ரிக்மேன் கட்டுகிறீர்கள் என்றால் கணக்கு மாறும், அப்போது நானும் இதைத்தான் எடுப்பேன்.

நான் எடுத்தது நான்காவது: ஒயரிங்கை வண்டியின் மேலேயே வைத்து அளந்து கையால் கட்டுவது, ரெக்டிஃபையர், ஜீனர் இரண்டுக்கும் பதிலாக ஒரே ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், நான்கு ஃபியூஸ், எலக்ட்ரானிக் இக்னிஷன். இன்ஜின், டேங்க், சீட், ஹெட்லைட் எல்லாவற்றையும் முதலில் வெறுமனே மாட்டிவிட்டு, சணல் கயிற்றை ஒயர் போகவேண்டிய பாதையில் ஓட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்து அளவெடுத்தேன். இந்தப் பிரேமில் கிளிப் மாட்டத் துளை போடவே கூடாது. குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது, 531 குழாயின் சுவரும் மெல்லியது. ரப்பர் வைத்த பி-கிளிப், துணி டேப், அவ்வளவுதான்.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம், தாராளமும் வேண்டாம். பழைய வகை பிவிசி ஒயரில் 14/0.30 என்பது 1 சதுர மி.மீ., சுமார் 8.75 ஆம்பியர் தாங்கும். இப்போது கிடைக்கிற மெல்லிய உறை ஒயர் அதே 1 சதுர மி.மீ.க்கு 16.5 ஆம்பியர் தாங்குகிறது, கட்டும் ஒல்லியாக வரும். விளக்குகளுக்கு 1, பேட்டரி மெயினுக்கும் எர்த்துக்கும் 2 சதுர மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா (உலோக முனையை ஒயரோடு இறுக்கி அழுத்துவதா) என்ற சண்டையில் நான் கிரிம்ப் கட்சி. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்குகிற இன்ஜின் இது, அதிர்வு எலும்பு வரை போகும். ஈயம் ஊறிய ஒயர் கம்பியாக விறைத்து, ஈயம் முடிகிற இடத்தில் ஒரு நாள் ஒடியும். 4.7 மி.மீ. பித்தளை புல்லட் இணைப்பு முனைகளும் அதற்கேற்ற கிரிம்ப் கருவியும் வாங்குங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

ஃபியூஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லூகாஸ் வண்டி முழுவதற்கும் 35 ஆம்பியர் என்று எழுதிய ஒரே கண்ணாடி ஃபியூஸ்தான் வைத்தது. அந்த 35 என்பது ஃபியூஸ் அறுந்துபோகிற அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, சுமார் 17 ஆம்பியர். இது தெரியாமல் இன்றைய 35 ஆம்பியர் பிளேட் ஃபியூஸைச் செருகினால் ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும். நான் மெயினுக்கு 15, மற்றவற்றுக்கு அதற்குக் கீழே என்று பிரித்தேன். ஹெட்லைட் ஷார்ட் ஆனாலும் இக்னிஷன் உயிரோடு இருக்கும், வீடு வந்து சேரலாம்.

பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா? வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். சரி, அப்புறம் ஏன் மாற்றினேன் என்றால், எல்.இ.டி. பல்பு, சார்ஜர் என்று இன்று வாங்குகிறவற்றில் பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த்துக்கே வருகின்றன. மாற்றும்போது காயில் முனைகளையும் அம்மீட்டர் ஒயர்களையும் திருப்பிப் போட வேண்டும், பழைய ரெக்டிஃபையரும் ஜீனரும் முழுவதுமாக வெளியே வர வேண்டும். எர்த் ஒயர் எல்லாம் கறுப்பு, சிவப்பு ஒயர் ஒன்றுகூட எர்த்தில் இல்லை, பேட்டரித் தட்டில் பெயிண்டால் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆல்டர்னேட்டரில் மூன்று ஒயர் வந்தால் பச்சை-மஞ்சளையும் பச்சை-கறுப்பையும் சேர்த்து ஒன்றாக்கி, வெள்ளை-பச்சையைத் தனியாக விட்டு, ரெகுலேட்டரின் இரண்டு உள்ளீட்டில் கொடுங்கள்.

இக்னிஷனில்தான் எனக்கு மனம் அதிகம் அலைந்தது. பாயிண்ட் செட் நேர்மையான பொருள், 0.015 அங்குல இடைவெளி, ஒரு தீக்குச்சிப் பெட்டி அளவு உதிரி, சாலையோரத்தில் கத்தி முனையால்கூடச் சரிசெய்யலாம். ஆனால் இடைவெளி தேயத் தேய டைமிங் நகரும், இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பாயர் பிரான்ஸ்டன் போன்ற எலக்ட்ரானிக் பெட்டி வைத்தால் ஒரு முறை ஸ்ட்ரோப் விளக்கு வைத்து நேர்செய்தால் போதும், ஐடிலில் நிதானமாக நிற்கும். அதன் பலவீனம் பேட்டரி. வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் பழைய வகைப் பெட்டிகளில் டைமிங் தப்பும், கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்காலுக்கு ஆபத்து. ஆகவே சார்ஜிங் கணக்கை முதலில் போடுங்கள். லூகாஸ் ஆர்எம்21 ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் தருவது சுமார் 120 வாட், அதாவது 10 ஆம்பியர் சொச்சம். காயில்களுக்கு 3 முதல் 4, ஹாலஜன் ஹெட்லைட்டுக்கு 5, பின் விளக்குக்கு அரை, பிரேக் மிதித்தால் இன்னும் 2 போகும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வரவைவிடச் செலவுதான் அதிகம். நல்ல எல்.இ.டி. ஹெட்லைட் அந்த ஐந்தை இரண்டாக்குகிறது, கணக்கும் நேராகிறது. இந்த மாற்றம் இல்லாமல் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதைவிடப் பாயிண்ட்டிலேயே இருப்பது மேல்.

பிரேமுக்கு மறுபடி நிக்கல் பூசுவதா, பவுடர் கோட்டிங்கா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். பவுடர் கோட்டிங் மலிவு, ஆனால் மின்சாரத்தைத் தடுக்கும், வெல்டிங் வெடிப்பையும் மூடி மறைக்கும். நிக்கலில் மயிரிழை வெடிப்புகூட துருக் கோடாக வெளியே வந்துவிடும். எது செய்தாலும் மணல் அடிக்கக் கொடுக்கும் முன் எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுங்கள். நான் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய பிரேமுக்குள் மணல் இருந்தது. நான்கு தடவை பெட்ரோல் ஊற்றிக் குலுக்கியும் ஐந்தாவது தடவையில் மணி மணியாக வந்தது. அது பேரிங்கில் போயிருந்தால் ஒயரிங்கைப் பற்றிப் பேச வண்டியே இருந்திருக்காது. ஃபைபர் கிளாஸ் டேங்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது), அதிலுள்ள எத்தனால் பழைய ரெசினை இளக்கும், கார்புரேட்டரில் பசை மாதிரி வந்து நிற்கும். இ5 சூப்பர் மட்டும் போடுங்கள், முடிந்தால் அலுமினிய டேங்குக்கு மாறிவிடுங்கள்.

பிரேமில் நிக்கல் இருக்கிறது, நன்றாகக் கடத்தும் என்று எர்த்தை அதன் தலையில் கட்டாதீர்கள். ஹெட்லைட், பின் விளக்கு, ஹாரன், ரெகுலேட்டர், காயில் பிராக்கெட் ஒவ்வொன்றுக்கும் தனிக் கறுப்பு ஒயர், எல்லாம் இன்ஜின் மவுண்ட் போல்ட் ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து தடித்த ஒயராகப் பேட்டரிக்குப் போகட்டும். முடித்த பிறகு ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. என்னுடையதில் முதல் நாள் 0.4 காட்டியது. மவுண்ட் போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் நிக்கலுக்குப் பூசிய மெழுகு. துடைத்து, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கியதும் 0.06-க்கு இறங்கியது.