ஜிப்சி சேஸில் கோப்ரா: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

ஏசி கோப்ரா 1960களின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் ரெப்ளிகா, அதாவது அதே உருவத்தில் நாமே கட்டும் நகல் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன இன்ஜின்?" என்றுதான். என் அனுபவத்தில் அது மூன்றாவது, நான்காவது கேள்வி. முதல் கேள்வி சேஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம். நான் எடுத்தது மாருதி ஜிப்சி, 1.3 எம்பிஎஃப்ஐ. வண்டி முடிந்து ஓட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு பருவமழையும் நனைக்கிற குமரி மாவட்டத்தில், கடலுக்குப் பக்கத்து ஷெட்டில் நின்றிருக்கிறது, குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துச் சாலையில் ஓடியிருக்கிறது, லாரியில் ஏறி கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே வரைக்கும் போய்வந்திருக்கிறது. இப்போது எழுதினால்தான் உபயோகமாக இருக்கும்.

ஏன் ஜிப்சி? இங்கிலாந்தில் கோப்ரா ரெப்ளிகா கட்டுகிறவர்கள் ஃபோர்டு சியராவையோ ஜாகுவார் எக்ஸ்ஜேயையோ பிரித்துப் பாகங்களை எடுத்துக்கொள்வார்கள். நமக்கு அதற்கு வழியில்லை. இங்கே கிடைக்கிற கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை, மோனோகாக் பாடி, அதாவது பாடியும் சேஸும் ஒன்றேதான். பாடியை வெட்டி எடுத்தால் கீழே சேஸ் என்று ஒன்றுமே மிஞ்சாது. ஜிப்சியில் போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைத் தூக்கினால் ஃபிரேம், இன்ஜின், கியர்பாக்ஸ், இரண்டு ஆக்ஸில் எல்லாம் சக்கரத்தோடு அப்படியே நிற்கும். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2375 மில்லிமீட்டர். கோப்ராவுக்கு 90 அங்குலம், அதாவது 2286. வித்தியாசம் மூன்றரை அங்குலம்தான், அதைக் கதவுப் பகுதியில் நீட்டிச் சரிசெய்தோம். அசல் கோப்ரா ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் ஒழிய யார் கண்ணுக்கும் அது படாது.

ஜிப்சியில் இருப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை ஸ்பிரிங். அது போட்ட ஸ்போர்ட்ஸ் காரா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். 1962இல் வந்த கோப்ராவே ஏணி ஃபிரேம்தான், முன்னும் பின்னும் குறுக்குவாக்கில் லீஃப் ஸ்பிரிங்தான். காயில் ஸ்பிரிங் 1965இல் 427 மாடலோடுதான் வந்தது. ஆனால் கோப்ராவில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஜிப்சியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். ஓட்டும்போது தெரிகிற பெரிய வித்தியாசம் இதுதான், கடைசி வரைக்கும் கூடவே வரும்.

உண்மையான வேலை உயரத்தில் இருக்கிறது. மேட்டில் ஏறுவதற்காகச் செய்த ஃபிரேமின் மேல் இடுப்புயரக் கார் ஒன்றை உட்காரவைக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் கம்பெனியிலிருந்தே ஆக்ஸிலுக்குக் கீழேதான் இருக்கின்றன, அது நமக்குச் சாதகம். சில பட்டைகளைக் குறைத்து, வளைவைத் தட்டையாக்கி, பின் ஆக்ஸில் வருகிற இடத்தில் ஃபிரேமை மேலே வளைத்து வெல்டு வைத்தோம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது இன்ஜின் சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக்கொடுக்கிற பெட்டியை, எடுத்தது. ஜிப்சியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல், ஒரு குட்டி ஷாஃப்ட் வழியாகத் தனியாகத் தொங்கும் பெட்டி. அதையும் முன் டிரைவையும் கழற்றிவிட்டால் நடுவில் நல்ல இடம் கிடைக்கும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே பின்னால் தள்ளி, முன் ஆக்ஸிலுக்கு மேலே நிற்கிற இன்ஜினை அதற்குப் பின்னால் கீழே இறக்கலாம். பானெட் தாழ்கிறது, எடை நடுவுக்கு வருகிறது, கோப்ராவின் நீள மூக்குக்குத் தேவையான அமைப்பும் தானாகவே அமைந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. சாதாரணச் சாலைக்கான ஹை ரேஞ்சில் ஓடும்போதும் அந்தப் பெட்டிக்குள் சுமார் 1.4 மடங்கு கியர் குறைப்பு நடக்கிறது, பெட்டி போனதும் அதுவும் போய்விடுகிறது. முதல் கியரே பழைய முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு கியர் மாதிரி இழுக்கும். டயரை உயரம் குறைந்த 195/60 ஆர்15க்கு மாற்றியதும், ஃபைபர் பாடியின் எடைக் குறைவும் சேர்ந்து பாதியைத்தான் ஈடுகட்டின. தோட்டத்து ஏற்றத்தில் கிளட்சை அவசரப்படாமல் விட வேண்டியிருக்கிறது. டிராக்கில் இதே விஷயம் வரமாகிவிடுகிறது, நாலாவதிலும் ஐந்தாவதிலும் இன்ஜின் கத்தாமல் ஓடும். இன்னொன்று, ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் வருகிறது. அதனால் ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டருக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள்.

பாடியைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் இந்த வண்டியில் எங்கள் ஊர் இருப்பது அதில்தான். குளச்சலிலிருந்து முட்டம் வரைக்கும் ஃபைபர் வள்ளம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கார் பாடி செய்ய வெளியூர் போகவேண்டிய அவசியமே இல்லை. எனக்குச் செய்து தந்த மேஸ்திரி மோல்டுக்கு மெழுகு தேய்த்து, வெளிப்பூச்சான ஜெல்கோட் அடித்து, மேட் என்கிற கண்ணாடியிழை விரிப்பை விரித்து, ரோலரால் காற்றுக்குமிழ் ஒவ்வொன்றாக விரட்டுகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ரெசினில் ஹார்ட்னர் ஒன்றிரண்டு சதவீதம்தான் சேரும். வெயில் ஏறினால் டப்பாவிலேயே இறுகிவிடும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுவார். பானெட்டையும் வள்ளத்துக் கனத்தில் செய்யலாமா என்று கேட்டதற்கு, "வள்ளத்துக்கு அலை அடிக்கும் மக்கா, இதுக்கு என்னத்துக்கு அவ்வளவு கனம்? அடியில குறுக்குக்கட்டை குடுத்தா போதும்லா" என்றார். அப்படியே மெல்லிய தகடாக எடுத்து, உள்பக்கம் ஃபோம் பட்டை வைத்து அதன்மேல் மேட் ஒட்டினார். இன்றைக்கும் அந்த பானெட் அதிரவில்லை, தொய்யவில்லை.

நாட்பட்டுத் தெரிந்ததில் முக்கியமானது இரண்டு. வெயிலில் நின்று நின்று ரெசின் இன்னும் கொஞ்சம் இறுகும், அப்போது அடியிலிருக்கிற ஃபைபர் மேட்டின் இழை பெயின்டுக்கு மேலே லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். கருப்பு, கருநீலம் எல்லாம் சீக்கிரம் சூடேறுவதால் இது அதிகம். மோல்டிலிருந்து எடுத்த பாடியைச் சில வாரமாவது வெயில் காயவிட்டு அப்புறம் பெயின்டுக்கு அனுப்புவது நல்லது. அடுத்தது போல்ட் துளைகள். ஃபிரேமில் நேராக இறுக்கினால் துளையைச் சுற்றி ஜெல்கோட்டில் நட்சத்திரம் மாதிரி கீறல் விழும். ஜிப்சியின் பழைய பாடி மவுண்ட் ரப்பர்களை அதே இடங்களில் வைத்து, மேலே அகலமான வாஷர் போட்டு இறுக்கிய இடங்களில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. கதவுக் கீலுக்குப் பக்கத்தில், ரப்பர் இல்லாத ஒரே இடத்தில் மட்டும் விழுந்தது.

உப்புக்காற்றைப் பொறுத்தவரை ஃபைபருக்குக் கவலையே இல்லை. ஃபிரேம்தான் பாவம், வெல்டு வைத்த இடங்களைத்தான் துரு முதலில் தேடி வரும். பாக்ஸ் செக்ஷனுக்கு உள்ளே துரு தடுப்பு மெழுகு அடித்திருக்கிறேன், வருடாவருடம் மழைக்கு முன்னால் மறுபடி அடிக்கிறேன்.

ஓட்டம்? 80 குதிரைத்திறன் போதுமா என்று கேட்டால், என் மனசாரப் போதும். அசலில் ஃபோர்டு வி8 இருந்தது என்பது தெரியாமல் சொல்லவில்லை. கரி டிராக் குட்டை டிராக், வளைவு அதிகம், அங்கே இந்த வண்டி கையில் நிற்கிறது. அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைச் செய்தவர். மாருதி பாகம் என்றால் இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அதை நினைத்துப் பார்க்கணும். மேடு பள்ளத்தில் மட்டும் பின்பக்கம் துள்ளும். ஸ்பிரிங் குறைத்த பிறகு ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பேன்ஹார்டு ராடு போட்டது பெரிய நிம்மதி. காலடியில் சூடு இருக்கிறது, இன்ஜின் பின்னால் வந்துவிட்டதே. ரேடியேட்டரைச் சாய்த்து வைத்திருப்பதால் கூலன்ட் டேங்க் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கணும், இல்லாவிட்டால் காற்று மாட்டிக்கொள்ளும்.

பொதுச்சாலை விஷயத்தில் யாரும் சமாளித்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெளிவு: கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. நான் ஆர்சியை முறைப்படி ரத்து செய்துவிட்டுத்தான் கட்டரைக் கையில் எடுத்தேன். சொந்த நிலமோ டிராக்கோ இல்லாதவர்கள் இந்தக் காசைப் போடுவதற்கு முன் நன்றாக யோசிக்கணும்.

மோல்டு இன்னும் மேஸ்திரியின் யார்டில் பத்திரமாக இருக்கிறது, இன்னும் சில பாடி எடுக்கத் தாங்கும். வேண்டுமென்றால் முதலில் உங்கள் ஃபிரேமில் பாடி மவுண்ட் துளைகளின் தூரத்தைக் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் அளந்து எடுத்துவாருங்கள். மேட் வெட்டுவதற்கு முன் அவர் கேட்கிற முதல் கணக்கு அதுதான்.